சென்னை நகரின் பழங்கல்லும் பழமரமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உளது. ஆங்கே பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயிலொன்று உண்டு. அதனை எடுப்பித்தவன் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பல்லவ வேந்தனாகிய முதலாம் மகேந்திரவர்மன். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றியே இக்கோயிலை ஆக்குவித்ததாக அவன் ஆங்குக் கல்லிற் பொறித்துவைத்தான். அவன் கொண்ட பெருமிதம் தக்கதே. ஆயினும், அக்கல்வெட்டை ஊன்றி நோக்குவார்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். அவன் காலம் வரையில் நம் நாட்டார் தம் மனைகளையும் கோயில்களையும் அந்நான்கு பொருள்களாலேயே ஆக்கிவந்தனர். ஆதலால்தான் அவற்றை விலக்கியது ஒரு வேந்தன் கல்லில் வெட்டிச் சொல்லத்தக்க செயலாயிற்று.

நாம் வாழும் சென்னை மாநகர் அந்நான்கு பொருளாலும் கல்லாலும் ஆகியது. காஞ்சியையும் மதுரையையும் நோக்கின் இஃது இளைய நகரே. 1639ஆம் ஆண்டில் கும்பினியார் கடற்கரை மணலில் இடம் பெற்று, அடுத்த ஆண்டிற் கோட்டை கட்டத் தொடங்கியபின் எழுந்தது இதன் நடுப்பகுதி. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் அதற்குப் பன்னூறாண்டு மூத்தவை. நகர் இளையதாயினும் இதன்கண் உள்ள கல்லும் மரமும் பட்ட அலைச்சல் பெரிது. ஓரிடத்தில் நின்ற தூண் வேறோரிடத்திற்கு ஏகியது. ஒரு வீட்டின் கதவு மற்றொரு வீட்டில் ஏறியது. அவ்வரலாற்றுட் சிலவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் மனையோர்க்கும் மக்கட்கும் எடுத்துரைத்து, முடிவில் ஒரு வேண்டுகோளையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லாவரத்துக் கல்

கல்லிலிருந்து தொடங்குவோம். சென்னைக்குத் தெற்கே, விமான நிலையத்தை அடுத்துள்ள பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் பலரும் நாடோறும் கடந்து செல்கின்றனர். அக்குன்றுகளின் கல் கருநீலம் படர்ந்த நிறமும் மிக்க வன்மையும் உடையது; மெருகிட்டால் கண்ணாடிபோற் பளபளக்கும். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலநூலறிஞர் இப்பல்லாவரத்திலேதான் பழங்கற்கால மாந்தரின் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டில் அத்தகைய கருவி முதன்முதலாக இனங்காணப்பட்டது அன்றே. நகர் என்னும் சொல்லே தோன்றாத காலத்தும் இவ்வூரில் மாந்தர் கல்லைக் கையாண்டிருந்தனர் என்பது இதனாற் போதரும்.

இக்கல்லுக்கு நிலநூலார் இட்ட பெயர் ‘சார்னாக்கைட்’ என்பது. அப்பெயர் வந்த கதை சுவையுடையது. கல்கத்தாவில் ஆங்கிலர் குடியிருப்பைத் தொடங்கிவைத்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை அந்நகரிலுள்ள புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கின்றது. அக்கல்லறையின்மேல் உள்ள கல்லை 1893ஆம் ஆண்டில் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், இஃது பல்லாவரத்துக் கல்லே எனத் தெளிந்து, இவ்வகைக் கல்லுக்கு அவ்வாங்கிலரின் பெயரையே சூட்டினார். பிறந்த ஊரின் பெயரன்றிச் சென்று சேர்ந்த இடத்திற் கிடந்தார் ஒருவர் பெயரே அக்கல்லுக்கு நிலைத்துவிட்டது. இடம் பெயர்ந்த பொருள்களுக்கு நேரும் கதி பெரும்பாலும் இத்தகையதே. இதனை ஈண்டு நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

முப்பத்திரண்டு தூண்கள்

பல்லாவரத்துக் கல்லின் அலைச்சலுள் தலையாயது புனித ஜார்ஜ் கோட்டையின் கருந்தூண்களின் கதை. ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பார் சென்னைக்கு ஆளுநராயிருந்தபோது, 1732ஆம் ஆண்டில், கடல்வாயிலிலிருந்து கோட்டையின் உள்மாளிகைக்குச் செல்லும் வழியில் நிழல்மண்டபம் ஒன்று எடுப்பித்தார். அதனைத் தாங்கியவை 32 கருங்கற்றூண்கள். துறைமுகம் இல்லாத அந்நாளில், அலைகளினூடே மசூலாப் படகிலேறி வந்து நனைந்த உடையோடு கரையிலிறங்கிய வணிகர், வெயிலுக்கு ஒதுங்கித் தூண்களின் நிழல்வழியே உள்ளே நடந்தனர்.

14 ஆண்டுகளே கழிந்தன. 1746ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரெஞ்சுக்காரர் கடல்வழியாக வந்து சென்னையைக் கைப்பற்றினர். அப்போது புதுவையில் ஆட்சி செலுத்தியவர் டூப்ளே. அவர்பால் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளை அவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்பு அக்கால நிகழ்ச்சிகளை நமக்குக் காட்டும் கண்ணாடியாக உளது. மூன்றாண்டுக் காலம் சென்னை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்தது. அந்நாளிற் கோட்டையிலிருந்து புதுவைக்குச் சென்ற பொருள்களுள் இத்தூண்களும் அடங்கும். பொன்னையும் துணியையும் கவர்ந்து செல்வது போரின் வழக்கம். கற்றூண்களைப் பெயர்த்தெடுத்துக் கொண்டு செல்வது எளிய செயலன்று. ஆயினும் அவற்றின் அழகு பகைவர் மனத்தையும் பற்றியிழுத்தது போலும்.

1749ஆம் ஆண்டிற் சென்னை உடன்படிக்கைப்படி ஆங்கிலரிடம் மீண்டது, தூண்கள் மீளவில்லை. 1761ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆங்கிலப் படை புதுவையைக் கைப்பற்றி, அதன் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கிய பிறகே அவை திரும்பிச் சென்னையை அடைந்தன. பழைய இடத்திலேயே மீண்டும் நிறுத்தப்பட்டன. பின்னர் 1910ஆம் ஆண்டளவில் சட்டசபைக்கென மண்டபம் அமைத்தபோது அத்தூண்களுட் பல புதுக் கட்டடத்திற்குப் பயன்பட்டன. அவற்றுள் 20 தூண்கள் தமிழகச் சட்டமன்றக் கட்டடத்தின் முகப்பிலே இன்றும் நிற்கின்றன. சட்டமன்றத்தின் படத்தைச் செய்தித்தாளிற் காணும் பிள்ளைகளுக்கு, ‘அக்கருந்தூண்கள் ஒருமுறை புதுவைக்குச் சென்று மீண்டவை’ என்று பெற்றோர் சொல்லிக்கொடுத்தால், அவர்தம் வரலாற்றுப் பாடம் அன்றே உயிர்பெறும்.

இதனோடு ஒட்டிய செய்தி ஒன்றுண்டு. புதுவைக் கடற்கரையில் இன்று காந்தியடிகளின் சிலை நிற்கின்றது. அச்சிலையைச் சூழ எட்டுக் கற்றூண்கள் வேலைப்பாடு மிக்கனவாய் நிற்பதைக் கண்டோர் பலர். அவை அவ்வூர்க்கு உரியன அல்ல. செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்வசம் வந்தது 1750ஆம் ஆண்டில். செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவையே அத்தூண்கள். எனவே, 1750களில் புதுவை நகரின்கண் சென்னைத் தூண்களும் செஞ்சித் தூண்களும் ஒருங்கே இருந்தன என்று அறிகின்றோம். சென்னைத் தூண்களை மீட்டுக்கொள்ள வல்ல கும்பினி ஒன்று இருந்தது. அவை வீடு திரும்பின. செஞ்சித் தூண்களை மீட்பார் யாருமிலர். அவை கடற்காற்றில் நின்றுவிட்டன. கல் ஒன்றே, அதனைத் தமதெனக் கேட்பார் இருப்பதும் இல்லாமையுமே வேற்றுமை.

கல்லறைக் கற்கள்

கோட்டையினுள் 1680ஆம் ஆண்டிற் கட்டிமுடிந்த புனித மரியாள் ஆலயம் இருக்கின்றது. குண்டு விழினும் தாங்கத்தக்க வளைவுக் கூரையுடைய அவ்வாலயத்தின் முற்றத்தில், தரையிற் பாவிய கற்களில் எழுத்துக்கள் காணப்படும். அவை யாவும் கல்லறைக் கற்கள். 1652ஆம் ஆண்டில் இறந்த எலிசபெத் பேக்கர் என்னும் மாதின் கல் அவற்றுள் மிகப் பழையது. எனினும் அக்கற்களின்கீழ் எவர் உடலும் இல்லை.

காரணம் இது: முதலில் இடுகாடு கோட்டைக்குப் புறத்தே, பின்னாளிற் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1759ஆம் ஆண்டின் தொடக்கம் வரை லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவ்விடத்துக் கல்லறைகள் பகைவர் பீரங்கிகளுக்கு மறைப்பாக உதவின. முற்றுகை நீங்கியபின் ஆங்கிலர் அக்கல்லறைகளை அகற்றிக் கற்களை மட்டும் ஆலய முற்றத்திற்குக் கொணர்ந்தனர். அங்கும் அவை அமைதியாக இருக்கவில்லை. 1782ஆம் ஆண்டில், ஐதர் அலியின் படைக்கு அஞ்சியிருந்த காலத்தில், கோட்டை மதில்மேற் பீரங்கிகளை நிறுத்துவதற்கு உறுதியான தளம் வேண்டியிருந்தது. அதற்கென அக்கற்கள் பெயர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் முற்றத்தை அடைந்தன. இறந்தார் பெயரைத் தாங்கிய கல், இருந்தார் உயிரைக் காக்கப் பீரங்கியையும் தாங்கியது. எழுத்து இருந்தமையால் அவை இன்னார் கல் என்று இன்றும் அறிகின்றோம். எழுத்தில்லாத கற்கள் எத்தனை மதிலில் ஒன்றிக் கிடக்கின்றனவோ!

பட்டணம் கோயில்

கோட்டையைக் காப்பதற்கு அதனைச் சூழ்ந்த வீடுகளை இடித்து வெளியாக்குவது அந்நாட் போர்முறை. பகைவன் வீடுகளின் மறைவில் நெருங்கிவிடலாகாது என்பது அதன் கருத்து. கோட்டைக்கு வடபால் நம் நாட்டார் வாழ்ந்த பழைய நகர்ப்பகுதி இருந்தது. அதன் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் தம் மூன்றாண்டு ஆட்சியில் இடித்தனர். எஞ்சியதை ஆங்கிலர் இடித்தனர். அப்பகுதியின் நடுவே, நகரின் தொடக்க காலத்திலிருந்தே மக்கள் வழிபட்டுவந்த சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. 1757ஆம் ஆண்டில் அதுவும் இடிபட்டது.

தம் கண்முன்னே கோயில் மறைவதைக் கண்ட மக்களின் துயரம் எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனினும் அவர்கள் துயரத்தோடு நின்றுவிடவில்லை. கும்பினியாரிடம் மாற்று நிலம் பெற்று, மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்னும் துபாஷ் முன்னின்று பொருளளிக்க, ஊராரும் வரிசைவரிசையாகப் பொருள் வழங்கினர். அதன் பயனாகப் பூக்கடைக்கு அருகே சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும் அடுத்தடுத்து எழுந்தன. இன்றும் மக்கள் இவ்விரு கோயில்களையும் ‘பட்டணம் கோயில்’ என்றே வழங்குவர். இடம் போயிற்று, பெயர் போகவில்லை. பெயரை விடாது பற்றிக்கொண்டமையாற் கோயிலும் மீண்டது.

இடித்து வெளியாக்கிய அந்நிலத்தின் எல்லையைக் காட்ட 1773ஆம் ஆண்டில் நட்ட எல்லைத் தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் உளது. பழைய கோயில் இருந்த பகுதியில் 1892ஆம் ஆண்டிற் செங்கல்லாற் சிவந்து திறக்கப்பட்டதே உயர்நீதிமன்ற மாளிகை. அதன் வளாகத்தில் 1844ஆம் ஆண்டில் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தூணும் நிற்கின்றது. அந்நிலத்தில் வழக்காடச் செல்வோர், கால்கீழே ஒரு பழைய ஊர் இருந்ததென்பதை நினையாமலே நடக்கின்றனர்.

சுண்ணாம்பும் செங்கல்லும்

பெருங்கட்டடங்களைப் பற்றி இதுகாறும் கூறினேன். இனி நம்மனோர் வாழ்ந்த வீடுகளுக்கு வருவோம்.

சென்னையின் சுண்ணாம்புப் பூச்சு ஒருகாலத்திற் கடல் கடந்தும் பேர் பெற்றிருந்தது. கழிமுகங்களில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மெல்லிய மணலோடு சேர்த்து அரைத்து, வெல்ல நீரும் முட்டையின் வெண்கருவும் தயிரும் கூட்டி, சுவரிற் பூசிப் பல நாள் தேய்ப்பர். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வெண்பளிங்குபோல் ஒளிரும். சலவைக்கல்லோ என்று மேனாட்டார் தடவிப் பார்த்து மயங்கினர்.

மொட்டைமாடித் தளமும் இந்நகரின் பெயராலேயே ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று வழங்கும். தேக்கு உத்திரங்களின்மேற் சிறு கட்டைகளை வரிசையாகப் பரப்புவர். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைக்கு மூலை சாய்வாக, சுண்ணாம்புக் காரையால் இணைத்துச் செல்வர். அதன்மேற் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பிக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பர். பெண்டிர் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் அதனை நாட்கணக்கில் அடிப்பர். அடியின் தாளத்திற்கேற்பப் பாட்டும் எழும். இறுகியபின் தட்டோடு பதிப்பர். நூறாண்டு மழையைத் தாங்கிய இத்தகைய தளங்கள் இன்றும் பழைய தெருக்களிற் காணக் கிடைக்கின்றன.

ஈண்டு ஊன்றி உணரத்தக்கது ஒன்றுண்டு. சுண்ணாம்புக் காரை செங்கல்லைப் பற்றும். ஆயின் அதனோடு ஒன்றாகிவிடாது. வீட்டை இடிக்குங்கால் கொத்தன் மெல்லத் தட்டினால் செங்கல் முழுதாகக் கழன்று வரும். ஒட்டிய காரையைச் சுரண்டிவிட்டு மீண்டும் அடுக்கலாம். சிமெண்டுக் காரை அத்தகையதன்று. அது செங்கல்லினும் வலிதாகப் பற்றுதலால், பிரிக்கப் புகின் செங்கல்லே உடையும்; எஞ்சுவது இடிபாடு ஒன்றே. ஆகவே நம் முன்னோர் கட்டிய வீடு முடிந்தாலும், அதன் உறுப்புக்கள் மற்றொரு வீட்டிற் பிறவி எடுத்தன. நாம் கட்டும் வீடு முடிந்தால், குப்பைமேட்டை அடைவதன்றி அதற்கு வேறு கதியில்லை. பழமையே பெருமை என்று கூறுவது என் கருத்தன்று; சிமெண்டின் உறுதியாலேயே பல்லாயிரம் பேர்க்கு வீடு கிடைத்தது. எனினும், எப்பொருளைப் பிரித்துக் கூட்டலாம், எதனைக் கூடாது என்பதை அறிந்து இடிப்பது அறிவுடைமையாகும்.

மரமும் என் பிழையும்

மரத்துள் தலைசிறந்தது தேக்கு. பர்மா நாட்டின் தென்பகுதி 1852ஆம் ஆண்டிலும் வடபகுதி 1885ஆம் ஆண்டிலும் ஆங்கிலர் ஆட்சிக்குள் வந்தன. அதன்பின் அந்நாட்டுத் தேக்கு கப்பல்களில் நம் கரைக்கு ஏராளமாக வந்தது. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் சென்னை வீடுகளின் உத்திரங்களும் நிலைகளும் பெரும்பாலும் அக்காடுகளிலிருந்து வந்தவையே. அத்தகைய முதிர்ந்த தேக்கு இக்காலத்து எளிதிற் கிடைப்பதன்று. ஆதலின், இடிபடும் வீட்டில் வீட்டுக்காரர் கண்ணுக்குப் பழங்கட்டையாகத் தோன்றுவது, பழைய மரக்கடை வணிகர் கண்ணுக்குப் பொன்னாகத் தோன்றும்.

இதனை யான் நூல்களிற் படித்தறிந்தேனல்லேன், பட்டறிந்தேன். ஜார்ஜ் டவுனில் என் பாட்டனாரின் தந்தையார் கட்டிய வீடு எங்கள் குடும்பத்துக்கு இருந்தது. முற்றமும் திண்ணையும் உடைய சிறு வீடு. அதன் தலைவாயில் நிலை தேக்கால் ஆகியது. மேற்சட்டத்திற் கஜலட்சுமி வடிவம் செதுக்கியிருந்தது. ஆண்டுதோறும் பொங்கலன்று எங்கள் பாட்டியார் வீட்டுப் பிள்ளைகளை அந்நிலையோடு ஒட்டி நிறுத்தி, அவர்தம் உயரத்திற்கேற்ப அரிவாள்மணையின் நுனியாற் கோடு கீறுவார். என் தந்தையார்க்கும் பெரியப்பாமார்க்கும் அத்தைமார்க்கும் உரிய கோடுகள் அதில் இருந்தன. எங்கள் தலைமுறையின் கோடுகளும் அவற்றின்மேற் படிந்தன.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்ப எங்கள் குடும்பத்தார் இசைந்தனர். இசைந்தோருள் யானும் ஒருவன், ஒப்பமும் இட்டேன். மரம் முழுவதையும் ஒரு வணிகர் ஒரே விலைக்குப் பேசி எடுத்துச் சென்றார். நிலையை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை உருபு மறைந்து நிற்பதைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்பவன் யான்; என் வீட்டு வாயிலில் மறைந்து நின்றதை யான் காணவில்லை.

பல ஆண்டுகள் சென்றபின், உறவினர் திருமணம் ஒன்றின் பொருட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஓர் உணவு விடுதிக்குச் சென்றேன். உள்ளே நுழையும் வாயிலில் ஒரு பழைய நிலை நின்றது. கஜலட்சுமியை முதலில் நோக்கினேன், ஐயுற்றேன். பின் நிலையின் உட்புறத்தைத் தடவினேன். மெருகின்கீழே கோடுகள் விரலில் தட்டுப்பட்டன. அங்கு நின்ற பணியாளை அழைத்து, “இது எங்கிருந்து வந்தது?” என்றேன். அவ்விளைஞர் பணிவோடு, “செட்டிநாட்டு அரண்மனை நிலை ஐயா, இருநூறு வருஷப் பழசு” என்றார். அவர்மேற் பிழையில்லை, அவருக்குச் சொல்லிவைத்ததை அவர் சொன்னார். யான் ஒன்றும் மறுமொழி கூறாது உள்ளே சென்றேன். அன்று உண்ட உணவின் சுவை எனக்கு நினைவில்லை.

வீடு திரும்பியதும், எண்பது வயது கடந்த என் அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சினந்துகொள்வார் என்று அஞ்சினேன். அவர் கேட்டது ஒன்றே: “என் கோடு இருக்கிறதா அப்பா?” இருக்கிறது என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

பல்லாவரத்துக் கல்லை மீண்டும் நினைவிற் கொள்க. நிலை அழியவில்லை, நன்றாகவே பேணப்பட்டிருக்கின்றது. எங்கள் வீட்டு மாடியில் நின்றிருப்பினும் அவ்வளவு மெருகோடு இராது. அழிந்தது யாதெனின், அஃது எவ்வீட்டு நிலை என்னும் செய்தியே. அதனை அழித்தது வணிகரும் அல்லர், விடுதிக்காரரும் அல்லர். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்காத யானே அழித்தேன்.

அழிந்தனவும் பிழைத்தனவும்

இந்நகரில் அழிந்தன பல. சென்ட்ரல் நிலையத்தின் அருகே பழம்புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாயிற்று. என் ஆசிரியப் பெருமக்கள் பலரும் தம் நூல்களை அங்கு வாங்கியவர்களே. அண்ணா சாலையின் அருகே இருநூறாண்டுக்கு மேற்பட்ட பழைய அரசினர் மாளிகை, புதிய சட்டமன்ற வளாகத்தின் பொருட்டு 2008ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டது. அங்கு எழுந்த புதுக் கட்டடத்தில் 2010ஆம் ஆண்டிற் கூடிய சட்டமன்றம், மறு ஆண்டே கோட்டைக்கு, அக்கருந்தூண்களின் நிழலுக்கே, மீண்டது.

பிழைத்தனவும் உள. 1768ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012ஆம் ஆண்டு சனவரியில் தீப்பட்டுக் கூரை இழந்து நின்றது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆயின் பொதுப்பணித் துறையார் சுண்ணாம்பையும் கடுக்காயையும் வெல்லத்தையும் மீண்டும் கையிலெடுத்து, பழைய முறையிலேயே அதனைச் செப்பஞ் செய்தனர். பின் அதனை அடுத்த உமாயூன் மகாலும் செப்பமுற்றது. மறைந்தது என்று கருதிய தொழில், கேட்பார் வந்ததும் கொத்தர் கையில் மீண்டும் தளிர்த்தது. நகரில் 467 பழங்கட்டடங்கள் காக்கத்தக்கவை என உயர்நீதிமன்றம் அமைத்த குழுவொன்று பட்டியல் வகுத்துள்ளது. மகிழத்தக்கதே. எனினும் நம் தெருவில் உள்ள திண்ணை வீடுகளுட் பெரும்பாலானவை அப்பட்டியலில் இடம்பெறா. அவற்றுக்குப் பட்டியல் வகுக்க வேண்டியவர் நாமே.

முன்னோர் காட்டிய வழி

இதற்கு வழி மேனாட்டினின்று வரவேண்டுவதில்லை. காவிரியின் கிளையாகிய கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி என்னும் பாடல் பெற்ற தலம் உளது. முதலாம் இராசராச சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பிரிக்குமுன் அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுக்களை எல்லாம் ஏட்டிற் படியெடுக்குமாறும் பணித்தான். வேலை நடக்கும்போதே அரசன் மறைந்தான். அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டிலே அவ்வேட்டிலிருந்த செய்திகள் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பெற்றன. இவ்வாறு மீண்டும் வெட்டிய கல்வெட்டுக்களைத் தமிழகத்திற் பல கோயில்களிற் காணலாம். ‘இது பழங்கல்லின் படி’ என்று அவற்றிற் குறித்தும் வைத்தனர்.

சிந்திக்குமிடத்து இது வியக்கத்தக்க செயல். அவ்வரசன் பழையதை இடிக்க அஞ்சினானல்லன், இடித்துப் புதுக்கினான். ஆனால் எழுதிவைத்த பிறகே இடித்தான். கல் மாறியது, சொல் மாறவில்லை. ஒருவர் விளக்கெரிக்க அளித்த ஆடுகளின் கணக்கும் அழியலாகாது என்று அக்காலத்து அரசும் கருதியது. அதே நன்மனம் நமக்கு நம் பாட்டன் வீட்டின்பால் இருத்தலாகாதோ?

ஆதலின் அன்பர்களே, வீட்டை இடியாதீர் என்று யான் கூறவில்லை. மக்கள் பெருகுவர், வீடும் பெருகவேண்டும். ஒழுகும் கூரையின்கீழ் ஒருவர் துன்புறப் பழமை காப்பது அறமாகாது. இடிக்குமுன் சில செய்க என்றே வேண்டுகின்றேன். வீட்டின் முற்றத்தையும் தூண்களையும் வாயிலையும் அளந்து ஒரு தாளில் வரைந்துவையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு படம் எடுக்கச் செய்யுங்கள். யார் கட்டினார், எவ்வாண்டில், கொத்தனார் எவ்வூரார், மரம் எங்கிருந்து வந்தது என்பவற்றை வீட்டு முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மரத்தையும் கல்லையும் விற்பதாயின், இஃது இன்ன தெருவில் இன்னார் வீட்டுப் பொருள் என்று எழுதிய தாளொன்றை வாங்குவோரிடம் கொடுங்கள். நிலையோ ஊஞ்சற்பலகையோ விளக்குமாடக் கல்லோ, ஒன்றையேனும் புது வீட்டிற் பொருத்துங்கள். எழுதியவற்றின் படியொன்றை நம் இதழுக்கும் அனுப்பினால், அச்சில் ஏற்றி நம் பிள்ளைகள் கைக்குச் சேர்க்கலாம்.

சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726ஆம் ஆண்டில் உஸ்கான் என்னும் அருமேனிய வணிகர் தம் பொருளாற் பாலம் ஒன்று கட்டினார். 1960களில் அது போய்ப் புதுப்பாலம் வந்தது. ஆயின் அவர் பெயர் பொறித்த கல்லை எவரோ நல்லார் எறிந்துவிடாது பாலத்தருகே நிறுத்தினர். அவ்வொரு கல்லால் அவர் அறம் இன்றும் பேசப்படுகின்றது.

என் குடும்பத்து நிலை இன்னும் அவ்விடுதி வாயிலிலேதான் நிற்கின்றது. அதனை விலைகொடுத்து மீட்கும் ஆற்றல் ஆசிரியன் ஒருவனுக்கு இல்லை. சென்ற பொங்கலுக்கு மறுநாள் என் அத்தையாரை ஆங்கு அழைத்துச் சென்றேன். விடுதிக்காரர் நடந்ததைக் கேட்டு, அமர நாற்காலி இட்டார். அத்தை தம் கோட்டை விரலாற் கண்டறிந்து, தம் உடன்பிறந்தார் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, யான் எழுதிக்கொண்டேன். அத்தாளின் படியொன்றை விடுதிக்காரரிடமும் கொடுத்தேன். வாயிலின் அருகே கண்ணாடியிட்டு மாட்டுவதாகச் சொன்னார். காலங் கடந்து செய்தது இது. நீங்கள் காலத்திற் செய்க.